பழைய ஃபுட்பால் படம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: அட்டை அசல், படம் போலி

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1890-களின் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரரின் கேபினட் கார்டு (கெட்டி அட்டையில் ஒட்டிய அந்தக் காலத்து ஸ்டுடியோ படம்) விற்பனைக்கு இருக்கிறது என்று ஒருவர் தானாக உங்களைத் தேடி வந்தால், அதுவும் நீங்கள் பல நாளாக யார் படத்தைத் தேடுகிறீர்களோ அதே வீரரின் படமாக இருந்தால், அவசரப்பட்டுப் பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். 425 டாலர் போய்விட்டது.

நான் இருப்பது நியூஜெர்சியில். 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் பக்கத்துக்கு 25 பேராக இறங்கி ஆடி, ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்த, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டம் நடந்தது இங்கே நியூ பிரன்ஸ்விக்கில்தான். அந்த மைதானம் இருந்த இடத்தைத் தாண்டித்தான் எட்டு வருஷமாக வேலைக்குப் போய் வருகிறேன், அதிலிருந்து வந்த ஆசை இது. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பக்கம் கயிறு கோத்துக் கட்டிய கேன்வாஸ் சட்டை, பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை, ஹெல்மெட் இல்லாததால் தலைக்குக் காப்பாக வளர்த்துவிட்ட அடர்ந்த முடி, கழுத்தில் தொங்கும் ரப்பர் மூக்குக் கவசம், கேப்டன் மடியில் வருஷம் எழுதிய பந்து. இருபது வயதுப் பையன்கள் கேமராவை அப்படி ஒரு தீர்க்கமாகப் பார்ப்பார்கள்.

அதில் நான் ரொம்ப நாளாகத் தேடியது வில்லியம் ஹென்றி லூயிஸின் படத்தை. அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்கு 1868-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி அணிக்குக் கேப்டனாக இருந்து, பிறகு ஹார்வர்டில் சட்டம் படிக்கும்போது 1892, 1893 இரண்டு வருஷமும் சென்டர் இடத்தில் ஆடி, நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் ஆல் அமெரிக்கா அணியில் இடம் பிடித்த முதல் கறுப்பின வீரர். 1911-ல் அமெரிக்க அரசின் உதவி அட்டர்னி ஜெனரல் பதவி வரைக்கும் போனார். அவர் படம் ஒன்றாவது என் ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் பலரிடம் சொல்லி வைத்திருந்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. எதைத் தேடுகிறோம், எவ்வளவு தரத் தயார் என்பதை நாமே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால், அதைத் தயார் செய்துகொண்டு ஒருவர் வந்து நிற்பார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மெசேஜ். லூயிஸ், தனிப் படம், கேபினட் கார்டு, பாஸ்டன் ஸ்டுடியோ முத்திரையோடு. 600 டாலர் சொன்னார், ஏல இணையதளம் வழியாகப் போனால் கமிஷன் பிடிப்பார்கள், பணம் அனுப்பும் செயலியில் நேரடியாக நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பினால் 425-க்குத் தருகிறேன் என்றார். அப்படி அனுப்பினால் வாங்குகிறவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன், வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பயம். அவர் காட்டியது முன்பக்கப் போட்டோ ஒன்றுதான். பின்பக்கம் கேட்டதற்கு, ஊரில் இல்லை, வந்ததும் எடுத்து அனுப்புகிறேன் என்றார். வரவே இல்லை.

பார்சலைப் பிரித்ததும் அட்டையைப் பார்த்துச் சொக்கிப்போனேன். 4¼ x 6½ அங்குலம், பொன் பூசிய விளிம்பு, தொட்டாலே தெரியும் பழசு. ஆனால் படத்தின் நிறம் உறுத்தியது. மூலைக்கு மூலை ஒரே சீரான பழுப்பு. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்த அல்புமன் படங்கள் அப்படி வெளுக்காது. வெளிச்சமான இடங்கள் மஞ்சளாகும், ஓரங்கள் முதலில் மங்கும், ஒரு பக்கம் ஒரு மாதிரி இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கன்னத்தில் வண்ண வண்ணமாகப் புள்ளிகள், இன்க்ஜெட் பிரிண்டரின் மைப்புள்ளிகள். அந்தக் காலத்து அசல் படத்தில் எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் அப்படிப் புள்ளி வராது. அப்புறம் இருட்டில் யுவி (புற ஊதா) டார்ச் அடித்தேன். அட்டை மங்கலாகவே இருந்தது, படம் மட்டும் சலவைக்குப் போய் வந்த வெள்ளை வேட்டி மாதிரி நீலமாக ஒளிர்ந்தது. 1950-களுக்குப் பிறகு வந்த தாள்களில் சேர்க்கும் வெளுப்பான் செய்யும் வேலை அது. (ஒளிரவில்லை என்பதை வைத்து மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள், வெளுப்பான் சேர்க்காத புதுத் தாளும் கிடைக்கிறது.) இடது தோள் பக்கம் ஒரு கறுப்புத் திட்டு, அது பக்கத்தில் நின்றவரின் சட்டைக் கை. ஏதோ குழுப் படத்திலிருந்து இவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

எனக்குப் பணம் போனதைவிட வலித்தது வேறு. படத்தைச் சுற்றி அட்டையில் நீர்க்கறை இருந்தது, பழைய படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்த தடம். பின்பக்கம் பென்சில் எழுத்தை அழித்திருந்தார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்தம் தெரிந்தது, பெயரைப் படிக்க முடியவில்லை, வயது நான்கு என்பது மட்டும் தெரிந்தது. யாரோ ஒரு குழந்தையின் நூறு வருஷத்துப் படத்தை உரித்து எறிந்துவிட்டு அதன் மேல் இதை ஒட்டியிருக்கிறார் அந்த ஆள்.

கேட்டதற்கு, நான் அசல் என்று எழுத்தில் எங்கே சொன்னேன், இருக்கிறபடியே விற்றேன் என்று பதில், பிறகு என்னை பிளாக் செய்துவிட்டார். பணம் அனுப்பிய செயலியிலும் ஒன்றும் நடக்கவில்லை, நண்பருக்கு அனுப்பியது உங்கள் விருப்பம் என்றார்கள்.

இனி நான் பின்பக்கத்தையும் நாலு ஓரங்களையும் ஸ்கேன் செய்து தராதவரிடம் வாங்குவதில்லை. அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் படத்தின் ஓரம் அட்டையோடு சேரும் இடத்தைப் பார்க்கிறேன். புதிதாக ஒட்டியதன் பசை பெரும்பாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று விற்பவர் எழுதித் தர வேண்டும், பணம் பாதுகாப்புள்ள வழியில்தான் போகும். தள்ளுபடி போனால் போகட்டும்.

போன வாரம் தெரிந்தவர் ஒருவருக்கு அதே லூயிஸ் வந்திருக்கிறார், அதே கறுப்புத் திட்டு, இந்த முறை கருஞ்சிவப்பு அட்டையில். நான் சொன்னதும் அவர் பின்பக்கம் கேட்டார், அதோடு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. உங்களுக்கும் லூயிஸ் என்று யாராவது படம் அனுப்பினால் இடது தோளைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பணம் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், என்னிடம் இருப்பதோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.