மின்கம்பம் வராத தோட்டத்துக்கு எத்தனை பேனல், எத்தனை பேட்டரி? பிவிஜிஐஎஸ் கருவியைப் பயன்படுத்திய அனுபவம்

தேனி மாவட்டத்தில், வருசநாட்டு மலையடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மின்கம்பம் வர வாய்ப்பில்லை என்று உறுதியான பிறகு, சூரிய மின்சாரத்துக்கு இரண்டு கடைகளில் விலை கேட்டேன். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நான்கு யூனிட் தரும் என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, ஒருவர் இரண்டு பேனல் போதும் என்றார், மற்றவர் ஆறு வேண்டும் என்றார். ஐப்பசி அடைமழையில் எத்தனை இரவு இருட்டில் இருக்க வேண்டியிருக்கும் என்று கேட்டதற்கு இருவருமே சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பிவிஜிஐஎஸ் (PVGIS) என்ற இணையக் கருவிக்கு வந்து சேர்ந்தேன்.

இத்தாலியின் இஸ்ப்ராவில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் இதை நடத்துகிறது. கட்டணமும் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. வரைபடத்தில் நம் இடத்தைத் தொட்டு, பேனலின் வாட், பேட்டரியின் கொள்ளளவு, பேட்டரியை எவ்வளவுக்குக் கீழே இறங்க விடக்கூடாது என்ற வரம்பு, ஒரு நாள் மின்தேவை ஆகியவற்றைக் கொடுத்தால், செயற்கைக்கோள் வழி பெறப்பட்ட பல ஆண்டுகளின் மணிவாரி வெயில் தரவுகளைக் கொண்டு (5.3 பதிப்பில் 2005 முதல் 2023 வரை) அந்த அமைப்பை ஓட்டிப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை நாட்கள் பேட்டரி நிரம்பும், எத்தனை நாட்கள் தீர்ந்துபோகும் என்று மாதவாரியாகக் காட்டுகிறது. நூற்றுக்கு ஐந்து என்பது கேட்கச் சிறிய எண்தான், ஆனால் ஆண்டுக்கு அது பதினெட்டு நாட்கள். அவை ஆண்டு முழுவதும் பரவாமல் வடகிழக்குப் பருவமழையில் குவிந்து வருவதை அந்த மாதப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது.

மின்தேவையைக் கணக்கிடும் வேலை முழுக்க நம்முடையது, தவறு நேர்வதும் பெரும்பாலும் அங்கேதான். விளக்குகள் 180, குறைமின் விசிறிகள் 560, சிறிய ஃப்ரிட்ஜ் 1000, டிவி 150, இணைய ரவுட்டர் 240 எனக் கூட்டினால் எங்களுக்கு நாளொன்றுக்கு 2130 வாட் ஹவர் வந்தது (ஆயிரம் வாட் ஹவர் ஒரு யூனிட்). இன்வெர்ட்டரில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் 2370 ஆகிறது. அதற்கு மேல், எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று இழுத்துக்கொள்ளும் 30 வாட் இருபத்து நான்கு மணி நேரத்தில் 720 ஆகிவிடுகிறது. ஆக 3100 என்று நிரப்பினேன். வீட்டிலுள்ள எல்லா விளக்குகளும் எரிவதைப்போல் நான்கு மடங்கை ஓர் இன்வெர்ட்டர் சும்மா இருந்தே தின்கிறது என்பதைக் கடைக்காரர் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

150 ஆம்பியர் ஹவர் கொண்ட 12 வோல்ட் டியூபுலர் பேட்டரிகள் நான்கு, அதாவது 7200 வாட் ஹவர், பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற வரம்புடன் 540 வாட் பேனல்கள் இரண்டை முதலில் போட்டுப் பார்த்தேன். மழை மாதங்களில் பேட்டரி தீரும் நாட்கள் கவலை தரும்படி இருந்தன. பேட்டரியை மட்டும் கூட்டியபோது நிலைமை அதிகம் மாறவில்லை, ஏனென்றால் தொடர்ந்து மேகம் மூடிய வாரத்தில் பெரிய தொட்டியும் நிரம்பாத தொட்டிதான். பேட்டரியை அப்படியே வைத்துப் பேனலை நான்காக்கியதும் தீரும் நாட்கள் வெகுவாகக் குறைந்தன. எனக்குச் சொல்லப்பட்ட விலையில் அந்தப் பேனல் ஒன்றும் அந்தப் பேட்டரி ஒன்றும் ஏறக்குறைய ஒரே தொகை. ஆனால் பேட்டரியை ஐந்தாண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும், பேனலோ கால் நூற்றாண்டு நிற்கும். இந்த ஒப்பீட்டை நாமேதான் காகிதத்தில் போட வேண்டும், கருவிக்கு ரூபாய் தெரியாது. காற்றாலை, டீசல் ஜெனரேட்டர் ஆகியவற்றையும் சேர்த்து மொத்த ஆயுட்காலச் செலவில் எது குறைவு என்று வரிசைப்படுத்த, அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் பிறந்த ஹோமர் என்ற மென்பொருள் இருக்கிறது. அது கட்டண மென்பொருள், ஒரு வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. திசைக் கோணத்தில் தெற்குதான் சுழியம். திசைகாட்டிப் பழக்கத்தில் நான் 180 என்று நிரப்பியதால் என் பேனல்கள் வடக்கு பார்த்துவிட்டன. நம் ஊர் அட்சரேகையில் சாய்வு குறைவாக இருப்பதால் விடை கொஞ்சம்தான் மாறுகிறது, எந்த எச்சரிக்கையும் வருவதில்லை, ஆகவே பிழை கண்ணில் படாமலே போகும். மேற்கே உள்ள மலையின் நிழலை அது தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது, ஆனால் அந்த நிலவடிவத் தரவு ஏறக்குறைய 90 மீட்டர் நுணுக்கம் கொண்டது என்பதால் வீட்டருகே நிற்கும் புளியமரம் அதற்குத் தெரியாது. ‘சராசரியாகக் கிடைக்காமல் போன மின்சாரம்’ என்று தரப்படும் எண், பேட்டரி தீர்ந்த நாட்களுக்கு மட்டுமான சராசரி. அதை ஆண்டுச் சராசரியாக நினைத்து நான் ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன்.

பேட்டரி மூப்படைவதைக் கேட்க ஒரு கட்டமும் இல்லை. 7200 இருந்த இடத்தில் 5040 என்று, அதாவது எழுபது விழுக்காடாகக் குறைத்து, மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. நான்கு பேனல் என்று முடிவு செய்தது அந்த இரண்டாவது ஓட்டத்தைப் பார்த்துத்தான். இன்னொரு மனக்குறை, மின்தேவையை மணிவாரியாகப் பிரித்துக் கொடுக்க முடிந்தாலும், ஆண்டின் எல்லா நாளுக்கும் அதே அளவைத்தான் அது வைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் கார்த்திகை முழுக்க ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை, அதை அணைத்துவிட்டால் தேவை 2000-க்கு இறங்கிவிடும். அதற்காக 2000 என்று தனியாக ஓட்டி, அந்த மாதங்களின் விடையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.