கணபதி லேத் பட்டறையில் என் பீட்டில்

அப்பாவோட 1965 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்கு சுபாருவோட மூணு லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினைப் போடணும்னு ரொம்ப நாள் ஆசை. கோயம்புத்தூர் கணபதியில ஒரு சந்துக்குள்ள இருக்கற லேத் பட்டறைக்குப் போனேன். பெரியவர் வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு எந்திரிச்சார்.

“ஏனுங் தம்பி, 34 குதிரைத்திறனுக்குச் செஞ்ச கியர்பாக்ஸ், 200க்கு மேல தாங்குமுங்களா? அது தண்ணியில குளிர்ற இன்ஜின் வேற. ரேடியேட்டரை முன்னாடி வெச்சு, பின்னாடி இருக்கற இன்ஜின் வரைக்கும் பைப் இழுக்கோணும். ஆர்டிஓ அனுமதியும் வேணுமுங்க.”

புது இன்ஜினைப் பழைய கியர்பாக்ஸோட சேர்க்கற அடாப்டர் பிளேட் கடைஞ்சு குடுத்திருந்தா அவருக்குத்தான் நல்ல காசு. ஆனா வேண்டாம்னு சொன்னார். அந்த நேர்மைக்காகவே இதை எழுதறேன்.

பழைய இன்ஜினையே பிரிச்சார். ஃப்ளைவீலுக்குப் பின்னாடி வர்ற மூணு ஷிம்மை, அதாவது மெல்லிசான வளையங்களை, மாத்தி மாத்திப் போட்டு, டயல் கேஜ் வெச்சு அளந்து, கிராங்க் முன்னும் பின்னும் நகர்ற ஆட்டத்தை 0.10 மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்தார். 0.07-லிருந்து 0.13 வரைக்கும் இருக்கலாமாம். முள்ளு நிக்கற இடத்தை என்னையும் குனிஞ்சு பார்க்க வெச்சார்.

பதினஞ்சு நாள்னு சொல்லி ரெண்டு மாசம் ஆக்கினாங்க, போனும் எடுக்கல. அது மட்டும்தான் வருத்தம். போன ஞாயித்துக்கிழமை ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். ஒரு சொட்டு ஆயில் ஒழுகல.