ஜூடி சிகாகோவின் 'டின்னர் பார்ட்டி': பைனாகுலரோடு போங்கள்

நியூயார்க்கின் புரூக்ளின் மியூசியத்தில், நான்காம் மாடியில், பெண்களுக்கென்றே ஒரு பந்தி விரித்திருக்கிறார்கள். முக்கோண மேசை, பக்கத்துக்கு 48 அடி, பக்கத்துக்கு 13 பேர், மொத்தம் 39 பேர்: வரலாற்றிலும் புராணங்களிலும் வரும் பெண்கள், ஆளுக்கொரு தட்டு. 1974 முதல் 1979 வரை, 400க்கும் மேற்பட்டோரின் உழைப்போடு அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர் ஜூடி சிகாகோ செய்து முடித்த இன்ஸ்டலேஷன் இது, அதாவது ஓர் அறையையே நிரப்பும் கலைப்படைப்பு. 2007 முதல் இங்கேயே நிரந்தரமாக இருக்கிறது.

வருகிறவர்களில் பலர் தட்டுகளைப் பார்த்துவிட்டே கிளம்பிவிடுகிறார்கள். பட்டாம்பூச்சியும் பெண்ணுறுப்புமாக விரியும் அந்த 14 அங்குலத் தட்டுகள் கண்ணை இழுப்பது உண்மைதான். ஆதித் தாய்த்தெய்வத்தில் தொடங்கி வரிசையாகப் போனால், தட்டையாக இருந்த வடிவங்கள் மூன்றாம் பக்கத்தில் தட்டைவிட்டே எழும்புவது தெரியும். செய்வது எளிதல்ல. பீங்கான் மேல் வண்ணம் பூசப் பூச மறுபடி மறுபடி சூளையில் வைக்க வேண்டும். ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெல்லிசாகவும் இருந்தால் சூடு ஒரே சீராக ஏறி இறங்காது, விரிசல் விட்டுவிடும். கவிஞர் எமிலி டிக்கின்சன் தட்டில் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். லேஸைப் பீங்கான் குழம்பில் தோய்த்துச் சுட்டால் நூல் எரிந்து போகும், மடிப்பு மட்டும் பீங்கானாக நிற்கும். இளஞ்சிவப்பில் அத்தனை சுருக்கமும் அப்படியே இருக்கிறது.

ஆனால் இந்தப் படைப்பின் உயிர் தட்டுக்கு அடியில் விரித்த துணியில்தான். ஒவ்வொருவருக்கும் அவர் காலத்துத் தையல், எம்பிராய்டரி, நெசவு முறைகளைத் தேடி எடுத்துச் செய்திருக்கிறார்கள். 'வீட்டு வேலை' என்று ஒதுக்கிய கைவேலை இங்கே சிற்பத்துக்குச் சமமாக உட்கார்ந்திருக்கிறது. துணியின் பின்பாதி முக்கோணத்தின் உள்பக்கம் தொங்குகிறது. துயரமான பகுதிகள் அங்கேதான். பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்டுக்குப் பின்னால் அவருடைய பிரசவ மரணம். பண்டைய அலெக்சாந்திரியாவின் கணித அறிஞர் ஹைபேஷியாவுக்குப் பின்னால் அவர் கொல்லப்பட்ட கொடூரம். எதிர்ப்பக்கம் போய் நின்றால்தான் தெரியும், அதுவும் தூரத்தில். சின்ன பைனாகுலர் இல்லாமல் போனால் பாதியைத் தவறவிடுவீர்கள். நடுவிலுள்ள தரை ஓடுகளில் இன்னும் 999 பேரின் பெயர்கள் தங்க எழுத்தில் இருக்கின்றன. பளபளப்பில் எழுத்து மறையும், கொஞ்சம் குனிந்து கோணம் மாற்றிப் பாருங்கள்.

குறையும் பெரிதுதான். மேசையிலிருக்கும் ஒரே ஆப்பிரிக்க அமெரிக்கர், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய சோஜர்னர் ட்ரூத். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு உடல் வடிவம் என்றால் அவருக்கு மட்டும் மூன்று முகங்கள். கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் இதைக் கண்டித்தது முழுக்க நியாயம். நம் பக்கத்திலிருந்து காளி இருக்கிறாள். வரலாற்றில் வாழ்ந்த ஒரு தெற்காசியப் பெண்ணுக்கும் இலை போடவில்லை.

திங்கள், செவ்வாய் விடுமுறை. 2 அல்லது 3ஆம் எண் ரயிலில் போனால் ஈஸ்டர்ன் பார்க்வே ஸ்டேஷன் மியூசியம் வாசலிலேயே இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்: முதல் சுற்று தட்டுகளுக்கு, இரண்டாம் சுற்று துணிகளின் பின்பக்கத்துக்கு.