கரி பிடித்து இறுகிய அடாப்டர்: அலுமினியச் சப்ரசருடன் ஆறு ஆண்டுகள்

.22 எல்ஆர் ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் தட்டி வெடிக்கும் சிறு தோட்டா) துப்பாக்கிக்காக உரிய அனுமதியுடன் வாங்கிய அலுமினியச் சப்ரசர் ஒன்றை, அதாவது துப்பாக்கியின் முனையில் பொருத்தி வெடிச்சத்தத்தைக் குறைக்கும் குழலை, ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எடை குறைவு, ஒலியை அடக்கும் விதத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டின் முடிவில், அந்தக் குழலின் பின்முனையில் திருகப்பட்டு, அதைத் துப்பாக்கியோடு இணைக்கும் எஃகு அடாப்டர் அசைய மறுத்துவிட்டது.

காரணம் என் கவனக்குறைவுதான். உள்ளிருக்கும் பேஃபிள்களை (வெடிவாயுவின் வேகத்தைத் தணிக்கும் துளையிட்ட தடுப்புகளை) எடுப்பதற்கு முன்மூடியைக் கழற்றினாலே போதும் என்பதால், அடாப்டரை நான் ஒருமுறைகூடத் திருகி எடுத்ததில்லை. ரிம்ஃபயர் தோட்டாக்களில் பெரும்பாலும் இருப்பது உறையில்லாத ஈயக் குண்டு. அதன்மேல் மெழுகுப் பூச்சும் உண்டு. சுடும்போது எழும் புகைக்கரியும் ஈயத்துகளும் மெழுகும் மரையின் இடுக்குக்குள் புகுந்து, சூடேறிக் குளிர்ந்து, மீண்டும் சூடேறி, நாளடைவில் சிமெண்ட் பூசியது போல் கெட்டிப்பட்டுவிடுகின்றன.

பைப் ரெஞ்ச் போட்டு ஒரே மூச்சில் திருகிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படிச் செய்யாதது நல்லதாயிற்று: குழலின் சுவர் மெல்லியது, ரெஞ்சின் பல் பதிந்தால் குழல் நசுங்கும், நசுங்கிய குழலில் குண்டு செல்லும் நேர்கோடு கெட்டுவிடும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்புச் சுத்திகரிப்பானும் கூடாது. அது கரியை மட்டுமல்ல, அலுமினியத்தையும் தின்றுவிடும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைக்கும் முறையைப் பலர் சொல்கிறார்கள். ஈயம் கரைந்து ஈய அசிடேட் என்னும் கொடிய நஞ்சு உண்டாவதால், அதை நான் எந்த உலோகத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

துப்பாக்கியிலிருந்து சப்ரசரைத் தனியே எடுத்து, பேஃபிள்களை வெளியேற்றிய பிறகு, நைட்ரைல் கையுறை அணிந்துகொண்டு, பின்முனை மேலே இருக்கும்படி நிறுத்தி, மரை சேரும் இடத்தைச் சுற்றி இறுகிய திருகுகளை இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். காலையும் மாலையுமாக மூன்று நாள். மூன்றாம் நாள் மாலை, எண்ணெய் விளிம்பில் கறுத்த நூலிழை போல் கசிந்து நின்றதைக் கண்டபோதுதான், அது உள்ளே இறங்கியிருக்கிறது என்ற நம்பிக்கை வந்தது.

அடுத்தது சூடு. ஒரே வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். என் சப்ரசரில் அலுமினியம் வெளியேயும் எஃகு உள்ளேயும் இருப்பதால், சூடேறினால் பிடி தளரும். 25 மி.மீ. விட்டமுள்ள மரையில் 75 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்குக் கிடைக்கும் இடைவெளி 0.02 மி.மீ. அளவுதான், ஆனாலும் கரியின் பிடியை உடைக்க அது உதவுகிறது. எண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்துவிட்டு, கொதிக்கும் நீரில் குழலைப் பத்து நிமிடம் வைத்தேன். தீச்சுடரைப் பயன்படுத்தவில்லை, எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்பதோடு, பதப்படுத்தப்பட்ட அலுமினியம் மிகுந்த சூட்டில் தன் வலிமையை இழக்கும்.

வெளியே எடுத்த சூடு ஆறுமுன், அடாப்டரின் தட்டை முகங்களை மென்தாடை பொருத்திய வைஸில் பிடித்து, குழலை ரப்பர் பட்டை ஸ்பானரால் இடஞ்சுழியாகத் திருகினேன். அது வலச்சுழி மரைதான் என்பதை முன்பே கையேட்டில் உறுதி செய்திருந்தேன். முதல் இரண்டு முறையும் அசையவில்லை. மீண்டும் எண்ணெய், ஓர் இரவு இடைவெளி, மறுபடி கொதிநீர். மூன்றாம் முறை உலர்ந்த சுள்ளி முறிவது போல் ஒரு சத்தம் கேட்டது. உடனே முழுவதும் திருகிவிடவில்லை. கால் சுற்று முன்னே, சிறிது பின்னே என்று எண்ணெய் விட்டபடி எடுத்தேன்; உதிர்ந்த கரித்துகள் மென்மையான அலுமினிய மரையை அறுத்துவிடக்கூடும்.

மரையில் ஒட்டியிருந்ததை எண்ணெயில் நனைத்த நைலான் தூரிகையால் மட்டுமே தேய்த்தேன். எண்ணெய் இல்லாமல் உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூசி காற்றில் பறக்கும். அழுக்கான துணிகளைத் தனியே கட்டி அபாயக் கழிவோடு சேர்த்தேன். திரும்பப் பூட்டியதும், குழல் வழியாக நேர்க்கோல் ஒன்றைச் செலுத்தி, அது எந்த பேஃபிளிலும் உரசவில்லை என்று பார்த்த பிறகே சுட்டேன்.

இப்போது ஏறக்குறைய 300 தோட்டாவுக்கு ஒருமுறை அடாப்டரையும் சேர்த்தே கழற்றுகிறேன். மரையில் உயர்வெப்பக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுகிறேன். நான்கு ஆண்டுகளாக ஸ்பானர் தேவைப்படவில்லை, கையாலேயே கழன்று வருகிறது. பட்டை பிடித்த இடத்தில் கருமைப் பூச்சு சற்று மங்கியிருக்கிறது. மரையில் ஒரு கீறலும் இல்லை.