பூட்லோடர் ஏற்ற எந்த டீபக்கர்? எஸ்டி-லிங்க், ஜே-லிங்க், டாப், பிளாக் மேஜிக்: ஓர் ஒப்பீடு

சிப் எழுந்ததும் முதலில் ஓடி, நம் முக்கிய நிரலை ஏற்றவோ தொடங்கவோ செய்யும் நிரல்தான் பூட்லோடர். அதைச் சிப்புக்குள் எழுதவும், ஓடுவதை நிறுத்திப் பார்க்கவும் கணினிக்கும் சிப்புக்கும் நடுவே மாட்டும் கருவி டீபக்கர். பூட்லோடர் பெரும்பாலும் சின்ன சமாச்சாரம்தான். எஸ்டிஎம்32எஃப்103 சிப் உள்ள ப்ளூ பில் போர்டை எடுத்துக்கொண்டால், அதற்கான எஸ்டிஎம்32டுயினோ பூட்லோடருக்கு ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) ஒதுக்கும் இடம் வெறும் 8 கிலோபைட். எந்த டீபக்கரை வைத்து ஏற்றினாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதனால் "எது வேகம்" என்ற கேள்வியை இந்த வேலைக்கு ஓரமாக வைத்துவிடலாம்.

பார்க்க வேண்டியவை வேறு. பேச மறுக்கிற சிப்பைப் பேச வைக்க இந்தக் கருவியால் முடியுமா? போர்டின் மின்னழுத்தத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடக்குமா? ஃபிளாஷுக்கு வெளியே இருக்கிற அமைப்பு பிட்டுகளையும் தொடுமா? எல்லாம் நல்லபடியாக இருக்கும் போர்டில் நாலு கருவியும் ஒன்றுதான். முரண்டு பிடிக்கிற போர்டில்தான் வித்தியாசம் தெரியும்.

டீபக்கரே வேண்டுமா?

இதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. எஸ்டிஎம்32 சிப்புகளின் சிஸ்டம் மெமரியில் ஆலையிலேயே ஒரு பூட்லோடர் எழுதி வருகிறது. அதை நம்மால் அழிக்க முடியாது. எஃப்103-இல் பூட்0 ஜம்பரை 1-க்கும் பூட்1-ஐ 0-க்கும் வைத்து ரீசெட் பட்டனைத் தட்டினால் அது எழுந்துகொள்ளும். பிஏ9, பிஏ10 பின்களில் ஒரு யூஎஸ்பி-சீரியல் அடாப்டரை மாட்டி, எஸ்டிஎம்32ஃபிளாஷ் என்ற நிரலைக் கொண்டு நம் பூட்லோடரை எழுதிவிடலாம். டீபக்கர் செலவே இல்லை.

சாதாரண டெர்மினலைத் திறந்து "பதிலே இல்லையே" என்று தவிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த பூட்லோடர் ஈவன் பாரிட்டியோடுதான் (ஒவ்வொரு பைட்டோடும் ஒரு சரிபார்ப்பு பிட்) பேசும். ஹெக்ஸ் 7எஃப் என்ற பைட்டை முதலில் அனுப்ப வேண்டும். ஹெக்ஸ் 79 திரும்பி வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எஃப்103-இன் இந்த பூட்லோடருக்கு யூஎஸ்பி தெரியாது, சீரியல் மட்டும்தான். எஃப்4 வரிசையில் யூஎஸ்பி வழியே எழுதும் டிஎஃப்யூ முறை உண்டு.

ஆர்பி2040 சிப்புக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அதன் ரோமிலேயே (மாற்ற முடியாத நினைவகம்) யூஎஃப்2 என்ற, கோப்பை இழுத்துப் போட்டு எழுதும் வசதி இருக்கிறது. பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டு யூஎஸ்பியில் மாட்டினால் பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும். மறுகோடியில் என்ஆர்எஃப்52840. புது சிப்பில் ஆலை பூட்லோடர் என்று எதுவும் இல்லை. எஸ்டபிள்யூடி என்ற, டீபக்கருக்கான இரண்டு ஒயர் இணைப்பு வழியாக மட்டுமே உள்ளே போக முடியும்.

சீரியல் வழியின் குறை ஒன்றே ஒன்று: எழுதும், திரும்பப் படித்துச் சரிபார்க்கும், அதோடு சரி. எழுதியது ஓடவில்லை என்றால் ப்ராசஸரை நிறுத்தி எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஒரே ஒரு எஸ்டிஎம்32 போர்டு, ஏற்கெனவே நன்றாக ஓடும் என்று தெரிந்த பூட்லோடர், இவ்வளவுதான் வேலை என்றால் நான் டீபக்கரைத் தேடவே மாட்டேன்.

எஸ்டி-லிங்க்: அசலும் நகலும்

அலுமினியக் கூட்டில் பென் டிரைவ் போல வரும் நகல் எஸ்டி-லிங்க் வி2-தான் பெரும்பாலானோர் கையில் இருக்கிறது. எஸ்டபிள்யூடிஐஓ (டேட்டா) பிஏ13-க்கு, எஸ்டபிள்யூசிஎல்கே (கடிகாரம்) பிஏ14-க்கு, கிரவுண்ட், 3.3 வோல்ட் என நாலே ஒயர். பின் வரிசை கூட்டுக்குக் கூடு மாறும். இணையத்தில் கிடைக்கும் படத்தை நம்பாமல் கையில் இருக்கும் கூட்டின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து மாட்டுங்கள்.

அசலுக்கும் நகலுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இந்த 3.3 வோல்ட் பின்னில் இருக்கிறது. அசல் எஸ்டி-லிங்க்கில் அந்த இடத்துக்குப் போர்டிலிருந்து மின்னழுத்தம் வர வேண்டும், 1.65 முதல் 3.6 வோல்ட் வரை எது வருகிறதோ அதைப் பார்த்து அதற்கேற்ற அளவில் சிக்னல் அனுப்பும். நகலில் அதே பின் மின்சாரத்தை வெளியே தருகிறது, எதையும் அளப்பதில்லை. 3.3 வோல்ட் போர்டு என்றால் பரவாயில்லை. 1.8 வோல்ட்டில் ஓடும் போர்டில் மாட்டினால் சிப்புக்கே ஆபத்து. போர்டுக்கு யூஎஸ்பியிலிருந்தும் மின்சாரம் வருகிறது என்றால் நகலின் 3.3 வோல்ட் ஒயரைக் கழற்றிவிடுவதே நல்லது; இரண்டு ரெகுலேட்டர்கள் ஒரே கம்பியில் மோதிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது வித்தியாசம் ரீசெட். பல நகல்களில் ஆர்எஸ்டி என்று எழுதியிருக்கும் பின் எஸ்டிஎம்8 சிப்புகளுக்கான ஸ்விம் இணைப்புக்கானது. எஸ்டபிள்யூடி வேலையின்போது அது அசையாது. இது எப்போது கடிக்கும் என்றால், சிப்பில் ஏற்கெனவே இருக்கும் ஃபர்ம்வேர் எஸ்டபிள்யூடி பின்களை அணைத்துவிட்டிருக்கும்போது. ப்ராஜெக்ட் உருவாக்கித் தரும் க்யூப்எம்எக்ஸ் நிரலில் டீபக் அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்து உருவாக்கிய எஃப்103 ப்ராஜெக்ட் இதைத்தான் செய்யும். ஒரு முறை ஏற்றும், அடுத்த முறை "டார்கெட் இல்லை" என்று சொல்லும். ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி இணைவதுதான் இதற்கு மருந்து, ஆனால் நகலால் ரீசெட்டை இழுக்க முடியாது.

சரி, நகலே கையில் இருக்கிறது, என்ன செய்வது? பூட்0-ஐ 1-க்கு மாற்றி ரீசெட் தட்டுங்கள். இப்போது ஓடுவது ஆலை பூட்லோடர். வில்லங்கமான ஃபர்ம்வேர் எழவே இல்லை, எஸ்டபிள்யூடி பின்கள் திறந்தே இருக்கும். நிதானமாக அழித்து எழுதிவிட்டு ஜம்பரைப் பழையபடி வைத்துவிடலாம். இந்த ஒரு ஜம்பர் இருப்பதால்தான் ப்ளூ பில்லுக்கு நகலே போதும் என்று துணிந்து சொல்கிறேன். ஜம்பர் இல்லாத போர்டுக்கு அதே வார்த்தையைச் சொல்ல மாட்டேன்.

மென்பொருள் பக்கம், எஸ்டிஎம்32க்யூப்ப்ரோகிராமர் சுலபம்; ஆப்ஷன் பைட்டுகளை (சிப்பின் அமைப்பு பிட்டுகள்) டிக் பெட்டிகளாகவே காட்டும். டீபக்கர்களை இயக்கும் திறந்த நிரலான ஓப்பன்ஓசிடி கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் வளைந்து கொடுக்கும். ப்ளூ பில்களில் அசல் சிப்புக்குப் பதில் போலி உட்கார்ந்திருப்பது சகஜம். எதிர்பார்க்கும் அடையாள எண் ஹெக்ஸ் 1பிஏ01477. போலிகளில் சில 2பிஏ01477 என்று சொல்லும், ஓப்பன்ஓசிடி உடனே நின்றுவிடும். அமைப்புக் கோப்பில் சிபியூடாப்ஐடி மதிப்பை மாற்றிக் கொடுத்தால் தொடர்ந்து வேலை செய்யும்.

ஜே-லிங்க்

ஜே-லிங்க்கை வேகத்துக்காகப் புகழ்கிறார்கள். இந்த வேலைக்கு அதன் அருமை வேகத்தில் இல்லை, பிடிவாதத்தில் இருக்கிறது. சாதாரணமாக இணைய முடியவில்லை என்றால் தானே ரீசெட்டை இழுத்துப் பிடித்து மறுபடி முயலும். போர்டின் மின்னழுத்தத்தைப் பார்க்கும் விடிரெஃப் பின்னை இணைக்காவிட்டால் பூஜ்ய வோல்ட் என்று காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும். புதிதாக வாங்கியவர்கள் "கருவி பழுது" என்று நினைப்பது பெரும்பாலும் இந்த ஒரு ஒயரை விட்டுவிட்டதால்தான்.

இன்னொரு வசதி: ஃபிளாஷ், சிப்புக்கு வெளியே க்யூஎஸ்பிஐ இணைப்பில் இருக்கும் ஐ.எம்எக்ஸ் ஆர்டி போன்ற குடும்பங்கள். பூட்லோடர் அங்கே வெளி ஃபிளாஷில் போய் உட்கார வேண்டும். அதை எழுதும் குட்டி நிரலை ஜே-லிங்க் தயாராக வைத்திருக்கிறது. சிப்பின் பெயரைச் சொன்னால் போதும். உரிமத்தை மட்டும் கவனியுங்கள். கல்விப் பதிப்பை வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

சிஎம்எஸ்ஐஎஸ்-டாப்

இது ஒரு கருவி அல்ல, ஆர்ம் நிறுவனம் திறந்து வைத்த ஒரு நெறிமுறை. யார் வேண்டுமானாலும் இதைப் பேசும் கருவியைச் செய்யலாம். ஒரு ராஸ்பெர்ரி பை பிக்கோவில் டீபக்ப்ரோப் ஃபர்ம்வேரை ஏற்றினால் அதுவே டாப் கருவி. மைக்ரோபிட் போன்ற போர்டுகளில் இது உள்ளேயே இருக்கிறது. முதல் பதிப்பு மவுஸ், கீபோர்டு போல எச்ஐடி-யாக இணைகிறது, அதனால் டிரைவர் தொல்லை இல்லை, வேகம் குறைவு. இரண்டாம் பதிப்பு பல்க் முறை, வேகம் கூடுதல். 8 கிலோபைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

திறந்த நெறிமுறை என்பதாலேயே தரம் ஆளுக்கு ஆள் மாறும். ராஸ்பெர்ரி பையின் டீபக் ப்ரோபில் உள்ள மூன்று பின் இணைப்பில் கடிகாரம், கிரவுண்ட், டேட்டா மட்டுமே. ரீசெட்டும் இல்லை, மின்னழுத்தம் பார்க்கும் பின்னும் இல்லை. ஆர்பி2040-க்கு அது போதும். எஸ்டபிள்யூடி-யை அணைத்துவிட்ட எஸ்டிஎம்32-க்கு, நகல் எஸ்டி-லிங்க்கின் அதே கதைதான்.

டாப்லிங்க் ஃபர்ம்வேர் உள்ள கருவிகளில் கோப்பை இழுத்துப் போட்டாலே எழுதிவிடும். அந்த ஃபர்ம்வேர் எந்தச் சிப்புக்காகக் கட்டப்பட்டதோ அதற்கு மட்டும்தான் இது நடக்கும். தோற்றால் அந்த டிரைவிலேயே ஃபெயில் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு முளைக்கும். காரணம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும், பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

பிளாக் மேஜிக் ப்ரோப்

ஜிடிபி என்ற டீபக் நிரலோடு பேசும் சர்வர் இந்தக் கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஓப்பன்ஓசிடி வேண்டாம், அமைப்புக் கோப்பு வேண்டாம். கணினியில் இரண்டு சீரியல் போர்ட்டுகளாக வரும்: ஒன்று ஜிடிபிக்கு, மற்றது சாதாரண சீரியல். ஸ்கேன் செய், அட்டாச் செய், லோட் என்று அடி, கம்பேர்-செக்‌ஷன்ஸ் என்று சரிபார். ஜிடிபியில் கை பழகியவருக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பூட்லோடர்கள் பெரும்பாலும் வெறும் பைனரி (.bin) கோப்பாகவே வெளியாகின்றன. ஜிடிபியின் லோட் கட்டளை எல்ஃப், இன்டெல் ஹெக்ஸ் போன்ற கோப்புகளைத்தான் ஏற்கும், ஏனென்றால் முகவரி கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆப்ஜ்காப்பி என்ற கோப்பு மாற்றும் நிரலைக் கொண்டு ஹெக்ஸ் 08000000 என்ற முகவரியைச் சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். பெரிய வேலை இல்லை, ஆனால் தெரியாதவருக்கு அரை நாள் போகும்.

பூட்டிய சிப்

உண்மையான பரீட்சை இங்கேதான். என்ஆர்எஃப்52840 போர்டுகள் சில, ஆக்சஸ் போர்ட் (டீபக்கர் சிப்புக்குள் நுழையும் கதவு) பாதுகாப்பு போட்டே வருகின்றன. சாதாரண வழியில் நினைவகத்தைப் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. கன்ட்ரோல் ஆக்சஸ் போர்ட் என்ற தனிக் கதவு வழியாக "எல்லாவற்றையும் அழி" என்று சொன்னால்தான் திறக்கும்.

எஸ்டி-லிங்க்கை ஓப்பன்ஓசிடியின் பழைய ஹெச்எல்ஏ முறையில் பயன்படுத்தினால் அந்தக் கதவு கண்ணிலேயே படாது. கருவி நினைவகத்தைப் படி, எழுது என்ற மேல்மட்டக் கட்டளைகளை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறது. தனியாக ஒரு ஆக்சஸ் போர்ட்டைத் தொட வழி தருவதில்லை. ஒயர் சரி, மின்சாரம் சரி, சிப் சரி, ஆனாலும் இணையாது. ஜே-லிங்க்கில் என்ஆர்எஃப்ஜேப்ராக் நிரலின் ரெகவர் கட்டளை ஒன்று போதும். பிளாக் மேஜிக்கில் மாஸ் எரேஸ் கட்டளை. டாப் கருவியோடு பைஓசிடி என்ற நிரலைப் பயன்படுத்தினால் இன்னும் ஒரு படி மேலே: பூட்டிய சிப்பைக் கண்டதும் கேட்காமலேயே அழித்துத் திறந்துவிடும். புது போர்டுக்கு இது வரம். உள்ளே முக்கியமான எதையாவது வைத்திருப்பவர் அந்தத் தானியங்கி அமைப்பை முதலில் அணைத்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும்.

இதே சிப்பில் பூட்லோடர் எங்கே தொடங்குகிறது என்ற தகவல் யூஐசிஆர் என்ற தனிப் பகுதியில், ஹெக்ஸ் 10001014 முகவரியில் இருக்கிறது. ஃபிளாஷ் பகுதியை மட்டும் பைனரி கோப்பாக எழுதினால் அந்த மதிப்பு விடுபட்டுப்போகும். எல்லாம் சரியாக ஏறியும் பூட்லோடர் எழாது. ஹெக்ஸ் கோப்பையே பயன்படுத்துங்கள்.

எஸ்ஏஎம்டி21 என்ற சிப்பில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை: பூட்ப்ராட் பிட்டுகள் தொடக்கப் பகுதியைப் பூட்டியிருக்கும், பூட்லோடரை மாற்ற முயன்றால் எழுதுவது தோற்கும். முதலில் பாதுகாப்பை 0 ஆக்கி, எழுதி, மறுபடி 8192 பைட்டுக்கு வைக்க வேண்டும். ஓப்பன்ஓசிடியில் இதற்கென்றே கட்டளை இருக்கிறது.

லினக்ஸ் ஓடும் போர்டுகளில் யூ-பூட் என்ற பூட்லோடரை ஜேடேக் (எஸ்டபிள்யூடி போன்ற டீபக் இணைப்பு) வழியாக ஏற்றுவது தனி உலகம். டிடிஆர் நினைவகம் (சிப்புக்கு வெளியே உள்ள ரேம்) இன்னும் விழித்திருக்காது. முதலில் எஸ்பிஎல் என்ற குட்டித் தொடக்க நிரலைச் சிப்பின் உள் ரேமில் போட்டு ஓடவிட்டு, அது டிடிஆரை எழுப்பிய பிறகுதான் யூ-பூட்டை இறக்க முடியும். எஸ்டி கார்டு வழி இருக்கிற போர்டில் இதற்காக மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

ஏறியதா என்று பார்ப்பது

மறுபடி ப்ளூ பில்லுக்கு வருவோம். எந்தக் கருவியானாலும் 08000000-இலிருந்து இரண்டு 32-பிட் சொற்களைப் படித்துப் பாருங்கள். முதலாவது ஸ்டாக் முகவரி. 20 கிலோபைட் ரேம் என்பதால் அது 20000000-க்கு மேல், 20005000-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். இரண்டாவது 0800 என்று தொடங்கி ஒற்றைப்படையில் முடிய வேண்டும்; தம்ப் என்ற கட்டளை முறையைக் குறிக்கும் பிட் அது. இரண்டிலும் எஃப் எஃப் என்று வந்தால் எதுவும் எழுதப்படவில்லை. இரண்டும் சரியாக இருந்தும் யூஎஸ்பி எழவில்லை என்றால் டீபக்கரைத் திட்டாதீர்கள். பல ப்ளூ பில்களில், யூஎஸ்பி சாதனம் மாட்டியிருப்பதைக் கணினிக்குக் காட்டும் ஆர்10 ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம். கணினி அப்படி ஒரு சாதனம் இருப்பதையே கவனிக்காமல் போகலாம்.

அப்புறம், நம் நிரலை 08002000-இலிருந்து தொடங்குமாறு லிங்கர் கோப்பை (நிரல் நினைவகத்தில் எங்கே உட்காரும் என்று சொல்லும் கோப்பு) மாற்றி, நீளத்தையும் 64-லிருந்து 56 கிலோபைட்டாகக் குறைக்க வேண்டும். மாற்றாமல் ஐடிஇ-யில் டீபக் பட்டனை அழுத்தினால் அது 08000000-இலேயே எழுதி, பூட்லோடரை அழித்துவிட்டு, "வெற்றி" என்றும் சொல்லும். இதைத் தடுக்க எஃப்103-இன் ஆப்ஷன் பைட்டுகளில் எழுத்துப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு பிட்டுக்கு 4 கிலோபைட், ஆக 8 கிலோபைட் பூட்லோடருக்கு முதல் இரண்டு பிட்டுகள். க்யூப்ப்ரோகிராமரில் இரண்டு பெட்டிகளை மாற்றி, ஒரு ரீசெட் கொடுத்தால் அமலுக்கு வந்துவிடும்.