குபர்னெட்டிஸ் அப்கிரேட்: விதி நல்ல விதிதான், பாதி சாமான் அதற்கு வெளியே இருக்கிறது

பல கணினிகளை ஒரு கிளஸ்டராகச் சேர்த்து, அதில் கன்டெய்னர்களை (தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய செயலிகள்) ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் குபர்னெட்டிஸ். அதற்கு ரிவ்யூ எழுதுகிறவர்கள் ஸ்கேலிங், விழுந்த பாட் (கன்டெய்னர்களை வைத்து ஓட்டும் அலகு) தானாக எழுந்திருப்பது என்றெல்லாம் ஆரம்பிப்பார்கள். முதல் சில மாதங்களுக்கு அதெல்லாம் சரி. அதையே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நேரே அப்கிரேடுக்குத்தான் போகும். அதனால் இங்கே அது மட்டும்தான்.

வருஷத்துக்கு மூன்று வெர்ஷன் வருகிறது (2021-க்கு முன்பு நான்கு, இப்போது பரவாயில்லை). ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாதம் பேட்ச் கிடைக்கும், அதோடு சரி. வருஷத்துக்கு ஒருமுறைதான் கை வைப்பேன் என்பவர்கள் ஒரே நேரத்தில் மூன்று படி ஏற வேண்டியிருக்கும், கிளஸ்டரை நடத்தும் மையப் பகுதியான கன்ட்ரோல் பிளேன் ஒரு படியையும் தாண்ட விடாது. நோடுகளுக்கு (பாட்கள் ஓடும் கணினிகள்) மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு: 1.28 முதல் நோடில் ஓடும் கியூப்லெட் என்ற ஏஜென்ட் கன்ட்ரோல் பிளேனை விட மூன்று வெர்ஷன் பின்தங்கி இருக்கலாம், முன்பு இரண்டுதான். கிளவுட் நிறுவனமே நடத்தித் தரும் மேனேஜ்டு சேவையில் இருந்தால் தள்ளிப்போடலாம், ஆனால் சும்மா இல்லை. அமேசானின் ஈகேஎஸ்-இல் வழக்கமான ஆதரவுக் காலம் முடிந்த பிறகு கிளஸ்டருக்கான மணிநேரக் கட்டணம் ஆறு மடங்கு. சோம்பலுக்கு இவ்வளவு துல்லியமாக விலை போட்டிருக்கிறார்கள்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். டெப்ரிகேஷன் விதியை (பழைய அம்சத்தை எப்போது, எப்படி விலக்குவது என்ற விதி) எழுதி வைத்து, அதன்படியே நடக்கிறார்கள். ஸ்டேபிள் ஆன ஏபிஐயை (கிளஸ்டரிடம் எதையும் கேட்கும் வடிவம்) 1-வரிசை, அதாவது 1.x வெர்ஷன்கள், ஓடுகிற வரை எடுக்க மாட்டார்கள். கிட்டத்தட்ட முடிந்த சோதனை நிலையான பீட்டாவை டெப்ரிகேட் செய்தால் 9 மாதமோ 3 வெளியீடோ, எது அதிகமோ அது வரை விட்டு வைப்பார்கள். ஆரம்பச் சோதனை நிலையான ஆல்ஃபாவுக்கு எந்த வாக்குறுதியும் இல்லை, அதையும் நேராகவே சொல்லிவிடுகிறார்கள். 1.19 முதல் பழைய ஏபிஐயைத் தொட்டாலே கியூப்கன்ட்ரோல் என்ற கட்டளைக் கருவி எச்சரிக்கை போடுகிறது. ஏபிஐ சர்வரின் மெட்ரிக்கிலும் அது தெரியும், அதற்கு ஒரு அலர்ட் வைத்துவிட்டால் ஆச்சரியங்கள் குறையும்.

ஆனால் வெளியிலிருந்து வரும் வெப் கோரிக்கைகளை உள்ளே உள்ள சர்வீஸுக்கு அனுப்பும் இன்கிரஸ் ஏபிஐயை 2015-லிருந்து 2020 வரை, ஐந்து வருஷம், பீட்டாவிலேயே வைத்திருந்தார்கள். உலகமே ப்ரொடக்‌ஷனில் ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பீட்டா வடிவத்தை 2021-இல் 1.22-இல் எடுத்தபோது, "பீட்டாதானே" என்ற பதில் யாருக்கும் ஆறுதலாக இல்லை. 1.24 முதல் புதிய பீட்டா ஏபிஐகள் தானாக ஆன் ஆவதில்லை. நல்ல முடிவு, லேட்டாக வந்த முடிவு.

மாற்றம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். இன்கிரஸில் சர்வீஸ் பெயரும் போர்ட்டும் ஒரே மட்டத்தில் இரண்டு வரியாக இருந்தன. புதியதில் சர்வீஸ் என்று ஒரு பிரிவு திறந்து, அதற்குள் பெயர், அதற்குள்ளேயே போர்ட், போர்ட்டுக்குள் எண் என்று அடுக்க வேண்டும், பாத் டைப்பும் கட்டாயம். எரிச்சல்தான், ஆனால் தப்பாக எழுதினால் உடனே எரர் கத்தும், திருத்திவிடலாம். ஒரே நேரத்தில் எத்தனை பாட் கீழே போகலாம் என்று கட்டுப்படுத்தும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் அப்படி இல்லை. எந்தப் பாட் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரைக் காலியாக விட்டால் பழைய பீட்டாவில் எந்தப் பாடும் சேராது, ஸ்டேபிளில் நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பகுதி) உள்ள அத்தனை பாடும் சேரும். வெர்ஷன் வரியை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் எந்த எரரும் வராது. அடுத்த முறை நோடை டிரெயின் செய்யும்போது (பாட்களை வெளியேற்றும்போது) அது ஏன் நகர மறுக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் ஹெல்ம், செயலிகளை 'சார்ட்' என்ற பொதியாகக் கிளஸ்டரில் நிறுவும் கருவி. இதில்தான் எங்கள் டீமுக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது. சார்ட்டை எல்லாம் திருத்தியாகிவிட்டது, கிளஸ்டரும் ஏறிவிட்டது. அப்புறம் ஹெல்ம் அப்கிரேட் கொடுத்தால், அந்த வகைப் பொருளே இல்லை என்று நிற்கிறது. காரணம், ஹெல்ம் போன முறை அனுப்பிய மேனிஃபெஸ்டை (என்ன ஓட வேண்டும் என்ற விவரக் கோப்பு) கிளஸ்டருக்குள் ஒரு சீக்ரெட்டாகச் சேமித்து வைத்து, புதியதை அதோடு ஒப்பிடும். அந்தப் பழைய நகலில் எடுத்துவிட்ட ஏபிஐ இருந்தால் ஒப்பிடுகிற இடத்திலேயே விழுந்துவிடும், உங்கள் ஃபைல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. மேப்கியூப்ஏபிஐஸ் என்ற பிளக்இன் அந்தச் சேமித்த நகலைத் திருத்தித் தரும். கிளஸ்டரை ஏற்றுவதற்கு முன்பே திருத்திய சார்ட்டை ஒருமுறை டிப்ளாய் செய்துவிட்டால் இந்தப் பிளக்இன்னே தேவைப்படாது. ப்ளூட்டோ என்ற கருவி ஃபைல்களோடு ஹெல்ம் ரிலீஸ்களையும் பார்த்து, பழைய ஏபிஐ எங்கே இருக்கிறது என்று சொல்லும், இதற்காகவே அது வேண்டும்.

குபர்னெட்டிஸ் டாக்கரோடு பேச உதவிய டாக்கர்ஷிம் என்ற இணைப்பின் விவகாரம் ஞாபகம் இருக்கும். அதை விலக்கப்போவதாக 2020 டிசம்பரில் அறிவித்தபோது டாக்கரே செத்துவிட்டது என்று இணையமே அலறியது. 2022 மே மாதம் 1.24-இல் எடுத்தார்கள், இமேஜ்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கன்டெய்னர்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான கன்டெய்னர்டி தன்பாட்டுக்கு ஓட்டியது. டாக்கர் சாக்கெட்டை மவுன்ட் செய்து பில்ட் ஓட்டியவர்கள்தான் அடி வாங்கினார்கள். அதே 1.24-இல் கிளஸ்டரை நிறுவும் கருவியான கியூப்அட்மின் அதிகச் சத்தமில்லாமல் இன்னொன்றையும் எடுத்தது: கன்ட்ரோல் பிளேன் நோடுகளில் இருந்த 'மாஸ்டர்' லேபிள் (அடையாளக் குறி). 2023 மார்ச் 14 அன்று ரெடிட் 314 நிமிடம் படுத்தது இதனால்தான். 1.23-லிருந்து 1.24-க்கு ஏற்றினார்கள், நெட்வொர்க்கை நடத்தும் கேலிகோவின் ரூட் ரிஃப்ளெக்டர் அமைப்பு (நோடுகளுக்கு நெட்வொர்க் வழிகளைப் பகிர்ந்து தருவது) அந்த லேபிளை நம்பி இருந்தது, லேபிள் போனதும் கிளஸ்டரின் நெட்வொர்க்கே போய்விட்டது. லேபிள் போகப்போகிறது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்திருந்தது. ஆனால் ஒரு செலக்டருக்குள் லேபிள் பெயர் எழுதியிருந்தால் கியூப்கன்ட்ரோல் எந்த எச்சரிக்கையும் தராது, அது ஏபிஐ இல்லையே.

என் குறையே இதுதான். விதி முக்கியமாக ஏபிஐக்குத்தான். நாம் ஓட்டுவதோ ஏபிஐயோடு சேர்த்து லேபிள், ரெஜிஸ்ட்ரி (இமேஜ் கிடங்கு), கன்ட்ரோலர், சார்ட் என்று ஒரு பெரிய மூட்டை. பழைய இமேஜ் ரெஜிஸ்ட்ரியை 2023 ஏப்ரலில் உறைய வைத்தார்கள், பழைய பேக்கேஜ் ரெப்போவை அதே வருஷம் செப்டம்பரில். இரண்டுக்கும் 9 மாதக் கணக்கு கிடையாது.

ரிலீஸ் நோட்ஸ் படித்து ஸ்டேஜிங்கில் (சோதனைக் கிளஸ்டரில்) முதலில் ஏற்றிப் பார்க்க ஓர் ஆள் தனியாக இருந்தால் தாராளமாக எடுங்கள், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அப்படி ஆள் இல்லாத சின்ன டீம் என்றால் வேண்டாம்.

இப்போது இன்கிரஸ் என்ஜின்எக்ஸ். இன்கிரஸில் எழுதியதை நிறைவேற்ற நிறைய பேர் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கன்ட்ரோலர். 2026 மார்ச் வரைதான் பராமரிப்பு, அப்புறம் பாதுகாப்பு பேட்ச் கூட வராது என்று 2025 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். ஒன்றிரண்டு பேர் சொந்த நேரத்தில் இழுத்துக்கொண்டிருந்த ப்ராஜெக்ட் என்பதால் அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. இன்கிரஸ் ஏபிஐ அப்படியே இருக்கிறது, விதிப்படி எல்லாம் சரி! இன்கிரஸுக்கு அடுத்து வந்த கேட்வே ஏபிஐக்குப் போங்கள் என்கிறார்கள், மாற்றித் தர ஒரு கருவியும் இருக்கிறது, சாதாரண ரூட்டுகளுக்கு அது போதும். அனோடேஷனில் (கூடுதல் குறிப்புப் பகுதி) என்ஜின்எக்ஸ் ஸ்னிப்பெட் (துண்டு அமைப்பு) எழுதி வைத்தவர்கள் மட்டும் ஒவ்வொன்றையும் திறந்து, இது எதற்காகப் போட்டது என்று கேட்டுத்தான் மாற்ற வேண்டும். போட்டவர் வேலையை விட்டுப் போயிருந்தால் கோடு மாற்றப் பதிவான கிட் ஹிஸ்டரியைத்தான் கேட்க வேண்டும், அங்கே பெரும்பாலும் "ஃபிக்ஸ்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும்.