கனிம நிதி: உடனே செலவா, வைப்பா?

கிருஷ்ணகிரி கிரானைட் குவாரி ஓர ஊர்களில் இந்தக் குழப்பம் இருக்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்காக 2015 சுரங்கச் சட்டத் திருத்தத்தில் வந்த மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு, குவாரிக்காரர்கள் ராயல்டிக்கு (கல் எடுக்க அரசுக்குக் கட்டும் தொகைக்கு) மேல் ஒரு பங்கு கட்டுகிறார்கள். அந்தப் பணத்தை உடனே செலவழிப்பதா, வைப்பு நிதியாகப் போட்டு வட்டியை எடுப்பதா?

பலன்: செலவழித்தால் இந்த வருடமே குழாயில் தண்ணீர். வைப்பில் போட்டால் வட்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆயுள்: தொட்டி கட்டிவிடலாம், சரி. அப்புறம் மோட்டார் எரிந்தால்? கல்தூள் படிந்த மூடியோடு தொட்டி சும்மா நிற்கும். வட்டி இருந்தால் மோட்டாரை உடனே மாற்றலாம்.

ஃபுளோரைடு தண்ணீரில் பிள்ளைகளின் பல் பழுப்பேறும் ஊருக்குச் செலவுதான், தள்ளிப்போடவே கூடாது. கல் தீர்ந்து குவாரி மூடப்போகும் ஊருக்கு வைப்பு. பராமரிப்புக்கு ஒரு பங்கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒதுக்கச் சொல்லுங்கள், கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.